இன்ஜின் மாத்தின ஜீப்பும், கரண்ட் திரும்புற வழியும்

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ தோட்டத்துக்கு வரும் நண்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இன்னும் ஏங்க இந்தப் பழைய ஜீப்பை வெச்சுக்கிட்டுக் கஷ்டப்படுறீங்க? புதுசா ஒண்ணு எடுத்துர வேண்டியதுதானே?"

பதில் எங்கள் பாதையில் இருக்கிறது. கொடைக்கானல் என்றதும் உங்களுக்கு ஏரியும் கோக்கர்ஸ் வாக்கும்தான் ஞாபகத்துக்கு வரும். அது சுமார் 2,100 மீட்டர் உயரம். நாங்கள் இருப்பது அதற்குக் கீழே, பண்ணைக்காடு, தாண்டிக்குடி, மங்களம்கொம்பு, பெரும்பாறை என்று நீளும் கீழ்மலை. காபி, மிளகு, மலை வாழை, சவ்சவ், ஆரஞ்சு, இதுதான் பிழைப்பு. ஊர் வரைக்கும் தார் ரோடு உண்டு. ஊரிலிருந்து தோட்டத்துக்குப் போவது மண் பாதை. ஐப்பசி மழையில் அது பாதையா ஓடையா என்று சொல்ல முடியாது. வாழைத்தார் ஏற்றி அந்தச் சேற்றில் ஏறி வர, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும். கெட்டுப் போனால் ஊரிலேயே ஸ்பேனரை வைத்துச் சரி பண்ணுகிற மாதிரியும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தது பழைய ஜீப்பில்தான்.

அதனால்தான் இங்கே ஜீப் சாகாது. பாடி மாறும், சேஸில் வெல்டிங் விழும், கடைசியில் இன்ஜினும் மாறும். ஆனாலும் "தாத்தா காலத்து ஜீப்" என்றே பெயர்.

கொஞ்சம் சரித்திரம் சொல்லிவிடுகிறேன். மஹிந்திரா கம்பெனி 1947-இல் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை இங்கே பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்க ஆரம்பித்தது. அப்போது பெட்ரோல் இன்ஜின். பிறகு டீசல் ஜீப்புகள் வந்தன. எங்கள் பக்கம் நிறையப் பேர் வைத்திருக்கும் எம்.எம். 540 மாடலில் பிரான்ஸ் நாட்டு பெஜோ கம்பெனி வடிவமைத்த எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் இன்ஜின் இருக்கும். 2,112 சி.சி. அதற்குப் பின்னால் வந்த கமாண்டர், பொலிரோ வண்டிகளில் மஹிந்திராவின் சொந்த டி.ஐ. இன்ஜின். 2,523 சி.சி. பெஜோ இன்ஜின் தேய்ந்து, ஸ்பேர் தேடி அலைந்து சலித்தவர்கள் அதைக் கழற்றிவிட்டு டி.ஐ. இன்ஜினை வைப்பது மலையில் சாதாரணமாக நடக்கிற காரியம்.

என் பெரியப்பா மகன், எங்கள் அண்ணன், போன வருடம் அதைத்தான் செய்தார். இரண்டு வீட்டுத் தோட்டத்துச் சரக்கும் அந்த ஜீப்பில்தான் இறங்கும். அதனால் அது எனக்கும் சொந்த வண்டி மாதிரி. மதுரையில் டி.ஐ. இன்ஜின் ஒன்றைப் பார்த்து விலை பேசி, கீழே ஒரு பட்டறையில் ஏற்றினார்கள். சட்டப்படி இதற்கு ஒரு முறை இருக்கிறது. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, மாற்றிய இன்ஜின் நம்பரை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் ஓட்டினால், நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் இன்சூரன்ஸில் வம்பு. அண்ணன் அந்த அலைச்சலை எல்லாம் ஒழுங்காக முடித்துவிட்டுத்தான் வண்டியை மேலே கொண்டுவந்தார்.

வண்டி நன்றாகத்தான் இழுத்தது. முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறிய மேட்டில் இரண்டாவது கியரில் போனது. ஊரே வந்து பானெட்டைத் திறந்து பார்த்தது.

பிரச்சினை ஒரு வாரத்தில் ஆரம்பித்தது. தனித்தனியாக நாலு பிரச்சினை.

முதலாவது, செல்ஃப். காலையில் சாவியைத் திருப்பினால் 'ர்ர்ர்' என்று இழுத்து இழுத்துச் சுற்றும். சில நாள் வெறும் 'டக்' என்ற சத்தம் மட்டும். இரண்டாவது, பேட்டரி. பகலெல்லாம் ஓட்டினாலும் ராத்திரிக்குள் சார்ஜ் இறங்கியிருக்கும். மூன்றாவது, டெம்பரேச்சர் முள். பகலில் நடுவில் நிற்கும். ராத்திரி ஓட்டும்போது மேலே ஏறும். இன்ஜின் சூடாகிறதோ என்று ரேடியேட்டரைத் திறந்து பார்த்தால் தண்ணீர் முழுசாக இருக்கும், கொதியும் இல்லை. நாலாவது, இதை யாரும் பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லை, ஸ்டாப் வயர். பழைய டீசல் வண்டியில் சாவியைத் திருப்பினால் மட்டும் இன்ஜின் நிற்காது. டாஷ்போர்டில் ஒரு குமிழ் இருக்கும். அதை இழுத்தால் ஒரு கேபிள் பம்பில் டீசலை அடைக்கும். அந்தக் கேபிள் இறுகிப்போய் இழுக்க வரவில்லை. "கேபிள் துருப்பிடிச்சிருக்கும், ஆயில் விடு" என்றார்கள். விட்டோம். சரியாகவில்லை.

நாலு பிரச்சினைக்கும் நாலு ஆள் நாலு வைத்தியம் சொன்னார்கள். பேட்டரி பழசு என்றார் ஒருவர். புது பேட்டரி வந்தது. பத்து நாள் நன்றாக இருந்து அதுவும் படுத்தது. டைனமோ சார்ஜ் பண்ணவில்லை என்றார் இன்னொருவர். ஆல்டர்னேட்டரை எங்கள் பக்கம் இன்னும் டைனமோ என்றுதான் சொல்வார்கள். அதையும் கழற்றி வேறு போட்டாயிற்று. செல்ஃப் மோட்டாரில் கார்பன் தேய்ந்திருக்கும் என்று அதையும் பிரித்துப் பூட்டினார்கள். தெர்மோஸ்டாட் மாறியது. ஒரு லோடு வாழைத்தார் விற்ற காசு அப்படியே வண்டிக்குள் போனது. வியாதி மட்டும் அப்படியே இருந்தது.

இதை வெறும் ஸ்பேர் பார்ட்ஸ் கதையாக விட்டுவிட முடியாமல் செய்தது ஐப்பசியில் ஒரு ராத்திரி.

பக்கத்துத் தோட்டத்து அக்காவுக்கு மகப்பேறு வலி. நாள் குறித்ததற்கு இரண்டு வாரம் முன்னாலேயே வந்துவிட்டது. நல்ல மழை. போனில் சிக்னல் இல்லை. சிக்னல் கிடைக்கிற வளைவு வரைக்கும் போய் 108-ஐக் கூப்பிட்டு, அது மலையேறி வருவதற்குள் நாமே பாதி மலை இறங்கிவிடலாம் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. ஜீப் எப்போதும் இறக்கத்தில்தான் நிற்கும். செல்ஃபை நம்பாமல் உருட்டி ஸ்டார்ட் பண்ணினோம். அண்ணன் ஓட்ட, நான் முன்னால், பின்னால் அக்காவும் அவர் அம்மாவும்.

தடியன்குடிசை தாண்டும் வரை ஹெட்லைட் இருந்தது. பெரும்பாறைக்குக் கீழே கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது வெளிச்சம் மஞ்சளாகியது. பிறகு மண்ணெண்ணெய் விளக்கு மாதிரி ஆனது. வைப்பர் பாதிக் கண்ணாடியில் போய் நின்றுவிட்டது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாத இருட்டு, மூடுபனி. அண்ணன் வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கிளம்புமோ கிளம்பாதோ. பழைய டீசல் இன்ஜினில் ஒரு நல்லது, ஒரு தடவை ஓட ஆரம்பித்தால் கரண்ட் இல்லாமலே ஓடும். கம்ப்ரஷன் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அந்த ஒரு குணம் அன்றைக்குக் காப்பாற்றியது. நான் கதவோரம் சாய்ந்து டார்ச்சை வெளியே பிடித்துக்கொண்டு, ரோட்டோரத்துச் சின்னச் சுவரைப் பார்த்து "ரைட்ல வா, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பிறகு கீழே இருந்து ஏறி வந்த பைக்காரத் தம்பி ஒருத்தன் நிலைமையைப் பார்த்து வண்டியைத் திருப்பி, எங்களுக்கு முன்னால் வெளிச்சம் காட்டிக்கொண்டு சித்தரேவு வரைக்கும் வந்தான். அவன் பெயர்கூடக் கேட்கவில்லை.

வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில் விடியற்காலை பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். அதுவரை ஜீப் வெளியே இன்ஜின் ஓடிக்கொண்டே நின்றது.

விடிந்ததும் ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு லாரி டிரைவர், "வயரிங் வேலைன்னா பாய்கிட்ட காட்டுங்க" என்று வழி சொன்னார். வயசான மனிதர். ஒரு வேப்ப மரம், ஒரு மேசை, ஒரு டூல் பாக்ஸ், இதுதான் கடை.

நாங்கள் நாலு பிரச்சினையையும் சொன்னோம். மாற்றின பாகங்களின் பட்டியலையும் சொன்னோம். பாய் முழுசாகக் கேட்டார். வண்டியைத் தொடவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இதெல்லாம் இன்ஜின் மாத்துறதுக்கு முன்னாடி இருந்துச்சா தம்பி?"

"இல்ல பாய்."

"அப்ப நாலு வியாதி கிடையாது. ஒண்ணுதான். நாலு எடத்துல காட்டுது."

பேட்டரியைக் கழற்றி மத்தியானம் வரை சார்ஜில் போட்டார். பிறகு மாட்டி, மல்டிமீட்டரை எடுத்தார். அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். கார் வைத்திருக்கும் உங்களுக்கும் உதவும்.

முதலில் பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்துப் பார்த்தார். 12.6 வோல்ட். நல்ல பேட்டரி. அண்ணனை செல்ஃப் அடிக்கச் சொன்னார். செல்ஃப் முனகியது. மீட்டரில் 11.6. "பேட்டரி செத்திருந்தா இந்நேரம் ஒம்பதுக்குக் கீழ போயிருக்கும். பேட்டரி கொடுக்கத் தயாரா இருக்கு. வாங்கிக்கிறவன் கைக்குப் போய்ச் சேரல" என்றார்.

அடுத்து மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில் வைத்தார். இன்னொரு முனையை இன்ஜின் பிளாக்கின் வெற்று இரும்பில் அழுத்தினார். மறுபடி செல்ஃப். மீட்டர் 5 வோல்ட் காட்டியது.

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். பேட்டரி மைனஸும் இன்ஜின் இரும்பும் மின்சாரக் கணக்கில் ஒரே இடமாக இருக்க வேண்டும். ஒரே இடத்துக்குள் வித்தியாசம் இருக்கக் கூடாது. செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. 5 வோல்ட் காட்டினால், பேட்டரி கொடுக்கிற 11.6-இல் 5 வோல்ட் வழியிலேயே வீணாகிறது என்று அர்த்தம். செல்ஃபுக்குக் கிடைப்பது 6 சொச்சம். அதில் எப்படிச் சுற்றும்?

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வீட்டு வயரிங்கில் கரண்ட் போக ஒரு வயர், திரும்ப ஒரு வயர். வண்டியில் அப்படிக் கிடையாது. பிளஸ் மட்டும் வயரில் போகும். திரும்பி வருவது வண்டியின் இரும்பு வழியாகத்தான். பாடி, சேஸ் எல்லாமே திரும்பும் வயர்தான். வயர் மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடு. இதைத்தான் எர்த் என்கிறோம், மண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இன்ஜின் சேஸில் நேராக உட்காரவில்லை. அதிர்வு தெரியாமல் இருக்க ரப்பர் மவுன்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் இன்ஜினையும் சேஸையும் இணைக்க ஒரு செம்புப் பின்னல் பட்டை போட்டிருப்பார்கள். விரல் அகலம், ஒரு முழம்கூட நீளம் இருக்காது.

பாய் வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்து வந்து, "பழைய இன்ஜினை என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டார்.

"எடைக்குப் போட்டாச்சு பாய்."

"எர்த் பட்டையும் அதோட சேர்ந்து எடைக்குப் போயிருச்சு."

சேஸ் பக்கத்து போல்ட்டைக் கழற்றிவிட்டு இன்ஜினைத் தூக்கியிருக்கிறார்கள். பட்டையின் இன்னொரு முனை பழைய இன்ஜினிலேயே தொங்கிக்கொண்டு போய்விட்டது. புது இன்ஜினில் அது இல்லை. சேஸில் அது இருந்த இடத்தில் துருவுக்காகக் கறுப்பு பெயின்ட் அடித்து அழகாக மூடிவிட்டார்கள். இன்ஜின் ஏற்றிய மெக்கானிக்குக் கேட்டால் வயர் வேலை எலக்ட்ரீசியனுடையது. எலக்ட்ரீசியனுக்கு, அது வயரே இல்லை, இன்ஜினோடு வருகிற பட்டை. இரண்டு பேரும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். இரண்டு வேலைக்கும் நடுவில் இருந்த ஒரு முழப் பட்டை யாருடைய வேலையாகவும் இல்லாமல் போனது.

அப்படியானால் இத்தனை நாள் கரண்ட் எப்படித் திரும்பியது? அதுதான் வேடிக்கை. பாய் அண்ணனை மூன்று தடவை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்து ஸ்டாப் வயரில் வைத்தார். சுட்டது. இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகிற இரும்பு எதுவோ, அதன் வழியாகவெல்லாம் கரண்ட் திரும்பியிருக்கிறது. ஸ்டாப் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், சைலன்ஸர் கிளாம்ப். நூறு ஆம்பியர் போக வேண்டிய இடத்தில் மெல்லிசான ஸ்டாப் கேபிள். சூட்டில் உள்ளே இருந்த பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கொண்டது. கேபிள் இறுகியது துருவினால் அல்ல. நாங்கள் கணக்கிலேயே சேர்க்காத அந்த நாலாவது புகார்தான் நேராக விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

மற்ற மூன்றும் அதே கணக்கில் வந்தன. டைனமோ இன்ஜின் மேல் பூட்டியிருக்கிறது. அதன் கரண்டும் அதே கேபிள் வழியாகத்தான் சுற்றை முடிக்க வேண்டும். பாய் வண்டியை உருட்டி ஸ்டார்ட் பண்ணி ஹெட்லைட்டையும் போட்டு அளந்தார். டைனமோவில் 14.2, பேட்டரியில் 12.8. பேட்டரி நிறைய வேண்டுமானால் 14-ஐ ஒட்டி வர வேண்டும். குலுங்கலில் கேபிள் தொடுவதும் விடுவதுமாக இருக்கும்போது இன்னும் மோசம். ஆக, டைனமோ தயாரித்த கரண்ட் பேட்டரிக்குப் போகவே இல்லை. ராத்திரி லைட்டும் வைப்பரும் பேட்டரியைத்தான் தின்றுகொண்டிருந்தன. மலை இறங்கும்போது அது தீர்ந்துவிட்டது.

டெம்பரேச்சர் முள்ளுக்கும் இதே காரணம். அதன் சென்சார் இன்ஜின் இரும்பையே எர்த்தாக வைத்து அளக்கிறது. ஹெட்லைட் போட்டதும் இன்ஜினுக்கும் சேஸுக்கும் நடுவே ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்துவிடுகிறது. முள் அதையும் சூடு என்று கணக்குப் பண்ணி ஏறுகிறது. "லைட்டை அணைச்சுப் பாருங்க" என்றார். அணைத்தோம். முள் இறங்கியது. போட்டோம். ஏறியது. லைட் போட்டால் இன்ஜின் சூடாகுமா என்ன? அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

வைத்தியம் பத்து நிமிஷம். முதலில் சோதனைக்கு ஒரு ஜம்பர் கேபிளைப் பேட்டரி மைனஸிலிருந்து நேராக இன்ஜின் பிளாக்கில் மாட்டினார். செல்ஃப் ஒரே சுற்றில் பிடித்தது. சந்தேகம் தீர்ந்தது. பிறகு செம்புப் பட்டை ஒன்றை எடுத்து, கியர் பாக்ஸ் பெல் ஹவுசிங் போல்ட்டில் ஒரு முனை, சேஸில் ஒரு முனை. சேஸில் பூட்டும் இடத்தில் பெயின்டை உப்புத்தாள் போட்டு இரும்பு மின்னும் வரை தேய்த்தார். "பெயின்ட் மேல பூட்டுனா பட்டை இருக்கும், எர்த் இருக்காது" என்றார். பல் வைத்த ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாஸலின் தடவினார். மழைத் தண்ணீர் ஏறாது. மறுபடி அளந்தபோது 5 வோல்ட் இருந்த இடத்தில் 0.2. பேட்டரியில் 14.

பட்டைக்கும் வேலைக்கும் சேர்த்து அவர் கேட்ட கூலி, நாங்கள் அதுவரை செலவழித்ததில் ஒரு மூலைக்குக் காணாது. அண்ணன் கூட வைத்துக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதோடு விடவில்லை. "இன்ஜின் மாத்துன வண்டில இன்னும் ரெண்டு எடம் பாக்கணும்" என்று பானெட்டுக்குள் குனிந்தார். பெஜோ இன்ஜினுக்கு ஹீட்டர் பிளக் உண்டு. குளிரில் ஸ்டார்ட் ஆக, சிலிண்டர் தலைக்குள் இருக்கும் சின்ன அறையைச் சூடாக்குகிற கம்பி. நாலு பிளக்கும் சேர்ந்து நிறையக் கரண்ட் குடிக்கும் என்பதால் அதன் வயர் தடிமனாக இருக்கும். டி.ஐ. இன்ஜினில் டீசல் நேராகப் பிஸ்டன் மேலேயே அடிப்பதால் ஹீட்டர் பிளக் தேவையில்லை. பிளக் போய்விட்டது, வயர் போகவில்லை. முனையில் கறுப்பு டேப் சுற்றி, டீசல் பைப்புக்கு ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டிருந்தார்கள். ஹீட்டர் சுவிட்சை யாராவது தெரியாமல் திருப்பினால் அதில் முழுக் கரண்ட். இன்ஜின் சூட்டில் டேப்பின் பசை இளகி, பாதி அவிழ்ந்திருந்தது. பாய் அந்த வயரைப் பேட்டரிப் பக்கத்திலிருந்தே எடுத்துவிட்டார். "வேலை இல்லாத வயரை டேப் சுத்தி வெக்காதீங்க. வேரோட எடுங்க."

இரண்டாவது, டைனமோவின் சார்ஜ் லைட். டாஷ்போர்டில் எரிகிற அந்தச் சின்ன பல்ப் வெறும் அடையாளத்துக்கு மட்டும் இல்லை. நிறைய ஆல்டர்னேட்டர்களில் முதல் உசுப்பல் அந்த பல்ப் வழியாக வருகிற கரண்டில்தான். பல்ப் ஃபியூஸ் போனால் ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதிக்கும் வரை சார்ஜ் ஏறாமல் இருக்கலாம். எங்கள் வண்டியில் டாஷ்போர்டைப் பூட்டும்போது அந்த பல்பை மாட்டவே இல்லை. பத்து ரூபாய் பல்ப்.

அவர் வைத்திருந்த இன்னொரு கருவியையும் சொல்ல வேண்டும். இண்டிகேட்டர் பல்ப் ஒன்றில் இரண்டு வயர் பூட்டிய டெஸ்ட் லைட். "மீட்டர் சில நேரம் ஏமாத்தும். வயர்ல ஒரே ஒரு இழை ஒட்டியிருந்தாலும் 12 வோல்ட் காட்டும். ஆனா லோடு தாங்காது. பல்ப் எரிஞ்சாத்தான் வயர் நல்ல வயர்" என்றார். 21 வாட்ஸ் பல்ப் கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுக்கும். பாதி அறுந்த வயரில் அது மங்கிவிடும். எந்தப் படிப்பும் இல்லாமல் யாரும் செய்து வைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் உங்களுக்கு எழுதக் காரணம், நகரத்தில் உங்கள் காரிலும் இதே இரும்பு வழிதான் இருக்கிறது. லைட் மங்குவது, செல்ஃப் முனகுவது, லைட் போட்டால் மீட்டர் முள் ஆடுவது, ஹார்ன் அடித்தால் இண்டிகேட்டர் மினுக்குவது, இப்படி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மாதிரித் தெரிகிற புகார்கள் ஒரே சமயத்தில் வந்தால், பாகம் வாங்குவதற்கு முன்னால் எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். இன்ஜினோ கியர் பாக்ஸோ இறக்கி ஏற்றின பிறகு வந்தால் கட்டாயம் அதுதான் முதல் சோதனை. மீட்டரை வைத்துப் பார்க்க இரண்டு நிமிஷம். கொஞ்சம் பெரிய மெக்கானிக் ஷெட்களிலும் பாகத்தை மாற்றிப் பார்ப்பதே பரிசோதனையாக ஆகிவிட்டது. பாகத்துக்கு பில் போடலாம், பாகங்களுக்கு நடுவில் இருக்கிற இணைப்புக்கு பில் போட முடியாது. அதனால் அதை யாரும் பார்ப்பதில்லை.

ஒன்று மட்டும் வித்தியாசம். இப்போது வருகிற காமன் ரயில் டீசல் இன்ஜின்களில் டீசலைத் திறந்து மூடுவதே கம்ப்யூட்டர். பி.எஸ். 6 விதி 2020 ஏப்ரலில் வந்த பிறகு சென்சார்கள் இன்னும் கூடிவிட்டன. எர்த் கெட்டால் அதில் லைட் மங்குவதோடு நிற்காது. சென்சார்கள் தப்புக் கணக்குச் சொல்லும், கம்ப்யூட்டர் இன்ஜினையே நிறுத்திவிடும். அந்த மழை ராத்திரியில் அப்படிப்பட்ட இன்ஜினாக இருந்திருந்தால் நாங்கள் பெரும்பாறை வளைவிலேயே நின்றிருப்போம். பழைய ஜீப்பை ஏன் வைத்திருக்கிறோம் என்ற கேள்விக்கு இதுவும் ஒரு பதில். புது வண்டி மோசம் என்று சொல்லவில்லை. எங்கள் மலையில் அதைப் பார்க்கத் தெரிந்த கைகள் இன்னும் வரவில்லை.

பாயிடம் வேலை கற்க யாரும் இல்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். "பசங்க உக்காந்து தேட மாட்டேங்குறாங்க தம்பி. மாத்திப் போட்டா காசு வேகமா வருது" என்றார், வருத்தமில்லாமல். அன்றைக்கு அவர் எங்களுக்காகச் செலவழித்த அரை நாளில் முக்கால் பங்கு தேடியதுதான். கை வேலை பத்து நிமிஷம். நாங்கள் பணம் கொடுத்ததோ அந்தப் பத்து நிமிஷத்துக்கு.

இந்த வருடம் ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர் ஜீப்புகள் எல்லாவற்றையும் பள்ளிக்கூடத்துப் பக்கம் நிறுத்தினோம். அண்ணன் மல்டிமீட்டர் ஒன்று வாங்கியிருந்தார். நான் உப்புத்தாளும் வாஸலினும். ஒவ்வொரு வண்டியிலும் பேட்டரி மைனஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவே அளந்தோம். பதினோரு வண்டியில் மூன்றில் 1 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அதில் இரண்டு இன்ஜின் மாற்றின வண்டி. கழற்றி, தேய்த்து, இறுக்கினோம். பக்கத்துத் தோட்டத்து அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து எல்லாருக்கும் சுக்கு காபி கொடுத்தார். மதியத்துக்குள் வேலை முடிந்து, அவரவர் சரக்கு ஏற்றப் போய்விட்டோம்.